அட்டையில் ஒட்டிய ஈயை யார் எண்ணுவது?

ராயக்கோட்டை, பாலக்கோடு, ஒட்டன்சத்திரம் பக்கத் தக்காளித் தோட்டங்களில் மஞ்சள் ஒட்டுப்பொறி பழகிப்போன காட்சி. அதில் ஒட்டிய வெள்ளை ஈக்களை வாராவாரம் எண்ணிக் குறித்து வைப்பவர்கள்தான் அரிது. பூச்சியைக் கொல்லும் சாதனம் என்றே அந்த அட்டை விற்கப்படுகிறது. வைரஸ் நோயைப் பொறுத்தவரை, அதன் முதல் வேலை சேதி சொல்வது.

சாறு உறிஞ்சும் பூச்சி என்ற அளவில், வெள்ளை ஈயை வளர்ந்த செடி ஓரளவு தாங்கிக்கொள்ளும். இலைச்சுருள் வைரஸ் சேர்ந்துவிட்டால் கணக்கே வேறு. நோயுற்ற செடியில் அரை மணி நேரம் போலச் சாறு உறிஞ்சினாலே ஈயின் உடம்பில் வைரஸ் ஏறிவிடும். சில மணி நேரத்தில் அது பரப்பத் தயார். பெரும்பாலும் சாகும்வரை பரப்பிக்கொண்டே இருக்கும். இலை சுருள்வது நம் கண்ணில் பட இரண்டு மூன்று வாரம் ஆகலாம். ‘வைரஸ் வந்திருச்சு’ என்று விவசாயி மருந்துக் கடைக்கு ஓடும் நாளில், நோய் அடுத்த வரப்பையும் தாண்டியிருக்கும். செடிக்குள் புகுந்த வைரஸை எடுக்க எந்த மருந்தும் கிடையாது. கடன் வாங்கித் தெளித்த பணம்தான் போகிறது.

ஆகவே எண்ணிக்கை நாற்றங்காலிலேயே தொடங்க வேண்டும். இப்போது பலரும் குழித்தட்டு நாற்றை விலைக்கு வாங்குகிறார்கள். நாற்றுப் பண்ணையின் நைலான் வலை கிழிந்திருந்தால், நாற்றோடு நோயும் வண்டியேறிப் பல ஊர்களுக்குப் போகும். கண்காணிப்புக்கு முதல் இடம் அந்த வலைக்கூடம் என்பேன்.

இலைப்பேன் இன்னும் சிக்கலானது. நிலக்கடலை மொட்டுக்கருகல் வைரஸைத் தக்காளிக்குக் கொண்டுவருவது அதுதான். குஞ்சுப் பருவத்தில் வைரஸை ஏற்றிக்கொண்ட இலைப்பேனே வளர்ந்தபின் அதைப் பரப்பும். முதிர்ந்தபின் நோயுற்ற செடியைக் கடித்த பேன் பரப்பாது. பொறியில் விழுவதோ பறக்கும் பேன்கள்தாம். குஞ்சுகளைக் காண, பூவையும் கொழுந்தையும் வெள்ளைத் தாளில் தட்டிப் பார்க்க வேண்டும்; வரப்புக் களைகளையும் சேர்த்து. அர்க்கா ரக்‌ஷக் போன்ற ரகங்கள் இலைச்சுருளைத் தாங்கும். மொட்டுக்கருகலுக்கு அவை கவசமல்ல.

எண்ணுவது மட்டும் போதுமா? 1999-ல் கோலார் பகுதித் தக்காளியில் ஓர் அயல்நாட்டு வெள்ளை ஈ வகை கண்டறியப்பட்டது. தோற்றத்தில் உள்ளூர் ஈயிலிருந்து அதைப் பிரித்தறிய முடியாது. மரபணுச் சோதனை வேண்டும். கோலார் நம் கிருஷ்ணகிரிக்கு அடுத்த மாவட்டம். ஈக்கு மாநில எல்லை கிடையாது.

இவ்வளவையும் தனி விவசாயியின் தலையில் கட்டுவது நியாயமல்ல. அவர் தன் வயலை எண்ணலாம். பக்கத்து வயலில் கைவிடப்பட்ட பழைய செடியை என்ன செய்வார்? தக்காளி வட்டாரங்களில் நிலையான பொறிகளை வைத்து, வாரம் ஒருமுறை எண்ணி, மாதிரிகளைச் சோதனைக்கு அனுப்புவது தோட்டக்கலைத் துறையின் கடமையாக வேண்டும். சந்தை விலையையும் வானிலையையும் சொல்லும் உழவன் செயலியிலேயே, வட்டார வாரியாக அந்த எண்ணிக்கையும் நடவுக்கு முன்பே விவசாயிக்குக் கிடைக்கட்டும்.