கல்லுக்குள் ஈரம் புகுமா?



இம்மாதம் தோட்டத்துத் தாயார் ஒருவரின் கடிதம். "என் மகள் பினாங்கு பாயான் லெப்பாசில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். ஐ.சி. வைத்திருந்த பையைப் பிரித்து நாள் கணக்கில் வெளியே போட்டுவிட்டாள் என்று எல்லார் முன்னிலையிலும் ஏசிவிட்டார்களாம். ஈரம் புகுந்துவிடுமாம். கறுப்புக் கல் போல இருக்கும் சாமானுக்குள் ஈரம் எப்படிப் புகும்? வீண் பழிதானே?" என்று கேட்கிறார்.

புகும், அம்மா. காரணத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அந்தக் கறுப்புக் கட்டி, உள்ளே இருக்கும் சிலிக்கன் சிப்புக்குப் போட்ட சட்டை. எபோக்சி என்னும் பிசினும் சிலிக்கா என்னும் மணல் தூளும் கலந்தது. எடையில் 70 முதல் 90 விழுக்காடு வரை மணல்தான். வெறும் பிசின் சூட்டில் அதிகம் விரியும். சிப்போ அவ்வளவு விரியாது. ஒன்று விரிந்து மற்றது விரியாவிட்டால் வெடிப்புத்தானே? அந்த விரிவை மணல் அடக்குகிறது.

ஆனால் மணலும் பிசினும் தாமாக நன்றாக ஒட்டுவதில்லை. மணலின் மேற்பரப்பு நீரைத்தான் விரும்பும். ஆகவே, கலப்பதற்கு முன் மணலுக்குச் சைலேன் என்ற மருந்தைப் பூசுகிறார்கள். சவுக்காரம் ஒரு கையால் எண்ணெயையும் மறு கையால் தண்ணீரையும் பிடிக்கிறதல்லவா? அதுபோல் சைலேன் ஒரு கையால் மணலையும் மறு கையால் பிசினையும் பற்றிக்கொள்ளும். டயர் செய்யும்போது ரப்பரோடு சிலிக்காவை இணைப்பதும் இதே சைலேன் இனம்தான்.

இப்போது மிக நுண்ணிய மணலும் வந்துவிட்டது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். 20 நானோமீட்டர் அளவுள்ள துகளானால், ஒரே கிராம் மணலின் மேற்பரப்பு ஏறக்குறைய 135 சதுர மீட்டர். லயத்து வீட்டைவிடப் பெரிது! அத்தனை பரப்பிலும் பூச்சு பிடிக்க வேண்டும். இல்லையேல், பச்சைத் தண்ணீரில் கொட்டிய மைலோ போலத் துகள்கள் கட்டி கட்டியாய்த் திரண்டுவிடும்.

பூச்சு நன்றாக இருந்தாலும் பிசின் காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது குடிக்கத்தான் செய்யும். பிறகு ஈயப்பற்று வைக்கும் அடுப்பில் சூடு 260 டிகிரி வரை ஏறும்போது அந்த ஈரம் ஆவியாகி, ஒட்டுப் பலவீனமான இடத்தைக் கிழித்துக்கொண்டு வெடிக்கும். சோளம் பொரிவது போல! அதனால்தான் பையைப் பிரித்தபின் கெடு வைத்திருக்கிறார்கள். ஒரு வகைக்கு 168 மணி நேரம், அதாவது 7 நாள். கெடு தாண்டினால் அடுப்பில் வைத்து உலர்த்திய பிறகே பயன்படுத்த வேண்டும்.

எனவே விதி நியாயமானது. காரணம் சொல்லிக் கொடுக்காமல் நாலு பேர் முன் ஏசியதுதான் நியாயமில்லை. மகளிடம் சொல்லுங்கள்: கெடு பையின் மேலேயே அச்சாகியிருக்கும், புரியாவிட்டால் மேற்பார்வையாளரிடம் கூச்சப்படாமல் கேட்கட்டும். மழை நாளில் ஏன் மரம் வெட்டக்கூடாது என்று உங்களுக்கு ஒருவர் சொல்லித்தானே தெரிந்தது? காரணம் தெரிந்த கை தவறு செய்வது குறைவு.

அடுத்த மாதம் சந்திப்போம்.