நிறைந்த பெட்டியை ஏன் பிரிக்க வேண்டும்?

கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்க்கும் காலமே நமது தேனீ வளர்ப்போரின் அறுவடைக் காலம். ரப்பர்த் தேன் பூவினின்று வருவதன்று. இளந்தளிர்க் காம்பின் நுனிச் சுரப்பிகளில் ஊறுவது. இலை முற்றினால் ஊற்று நின்றுவிடும். சில வாரங்களே கிடைக்கும் இவ்வருவாயை அங்கத்தினர் பலர் தம் கையாலேயே கெடுத்துக்கொள்கின்றனர் என்பது நமது அபிப்பிராயம்.

பெட்டி நிறைந்து வழிவதைக் கண்டதும் அதை இரண்டாகப் பிரித்துவிடுகின்றனர். புழுவுக்கு ஊட்டவும் கூட்டைக் காக்கவும் வேண்டிய ஈக்கள் போக, எஞ்சியவையே வெளியே சென்று தேன் கொணரும். கூட்டம் பாதியானால் இரண்டிலும் எஞ்சுவது சொற்பமே. இராணியற்ற பாதி புது இராணியை வளர்த்து, அது முட்டையிட்டு, அம்முட்டை வெளிவேலைக்குப் போகும் ஈயாவதற்கு மேலும் 40 நாட்களாகும். அதற்குள் இலை முற்றிவிடும். பிரிப்பதானால் ஐப்பசி, கார்த்திகையிலேயே பிரித்திருக்க வேண்டும்.

“பிரிக்காவிட்டால் கூட்டம் பறந்துவிடுமே, ஐயா” என்பர் பெரியவர்கள். மெய்தான், நம் நாட்டு ஈ அவ்வியல்புடையதே. ஆனால் இடநெருக்கடியே அதனை அதிகம் தூண்டுகிறது. நியூட்டன் பெட்டியின் தேன் அறையை, கட்டிய பழைய அடைகளுடன், தளிர் விடுமுன்பே ஏற்றிவிடுக. ஐந்து நாட்களுக்கொருமுறை புழு அறைச் சட்டங்களைத் தூக்கி அடையின் கீழ் விளிம்பைப் பார்த்து, இராணி அறைகளைக் கிள்ளிவிடுக. ஒன்று தப்பினாலும் உழைப்பு வீண்.

முக்கால் பங்கு மெழுகு மூடாத அடையைச் சுழற்றுவதும் கூடாது. நீர்த்த தேன் புளிக்கும். சங்கத்துப் பீப்பாயில் ஒருவர் ஊற்றிய பச்சைத் தேன் மற்றவர் தேனையும் கெடுக்கும்.

எண்ணிக்கை மீதுள்ள ஆசைக்குக் காரணம் உண்டு. 1991-92-இல் சாக்புரூட் வைரஸ் நோயால் பெட்டிகள் காலியானதைக் கண்ட குடும்பங்கள் இவை. எம் போன்ற ஆய்வாளர்களும் குற்றவாளிகளே. கடன் விண்ணப்பத்துடன் தோட்டத்திற்குச் சென்றால் பெட்டிகளை எண்ணிக் கையொப்பமிடுகிறோம். மூடியைத் திறந்து, ஈ மொய்த்த சட்டங்களை எண்ணுவதில்லை. இருபது மெலிந்த பெட்டிக்காரர், பத்து நிறைந்த பெட்டிக்காரரைவிடக் கூடுதல் கடன் பெறுவது எவ்வாறு நியாயமாகும்?

சட்டக் கணக்குக்கு ஒரு பத்தி சேர்த்துப் பதிவேட்டைத் திருத்த அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவருமாறு அங்கத்தினரைக் கோருகிறோம். மாதிரிப் படிவத்தை நாமே எழுதித் தருவோம்.