கைக்கு வந்த சீட்டு

சீசன் காலத்தில் குற்றாலம் சென்றவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். மலைமேல் மழை கொட்டுகிறது. பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுகிறது. குளிக்கத் தடை என்று காவலர்கள் அறிவிக்கிறார்கள். துண்டும் எண்ணெய்யுமாகக் கிளம்பி வந்த குடும்பங்கள் விடுதி வராந்தாவில் முடங்குகின்றன. சற்று நேரத்தில் யாரோ ஒருவருடைய பையிலிருந்து சீட்டுக்கட்டு வெளியே வருகிறது. பாய் விரிக்கிறார்கள். ரம்மி தொடங்குகிறது.

மூன்றாவது ஆட்டத்திலும் 'ஃபுல்' வாங்கிய இளைஞர் சலித்துக்கொள்கிறார்: "எனக்கு மட்டும் ஏன் மாமா இப்படி விழுது?" மாமா தம் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொல்கிறார்: "சீட்டு என்னல செய்யும்? மொதல்லயே ஸ்கூட் விட்டிருந்தா இருபதோட போயிருக்கும்லா."

ரம்மி தெரியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஒவ்வொருவருக்கும் 13 சீட்டு. வந்த கை மோசம் என்று தெரிந்தால், ஆடத் தொடங்கும் முன்பே சீட்டைக் கவிழ்த்து வைத்துவிடலாம். அதுதான் ஸ்கூட்; இழப்பு 20 புள்ளி. ஆட்டத்தின் நடுவில் விலகினால் 40. கடைசிவரை பிடிவாதமாக இருந்து தோற்றால் 80 வரை போகும். எந்தச் சீட்டு வரும் என்பது நம் கையில் இல்லை. ஆனால் அந்தச் சீட்டு நம்மிடமிருந்து எவ்வளவு பறித்துச் செல்லலாம் என்பதைப் பெருமளவு நாமே முடிவு செய்கிறோம். மாமா சொன்னதன் பொருள் இதுதான்.

நீதிமன்றங்களும் இந்த ஆட்டத்தைப் பற்றி நிறையவே யோசித்திருக்கின்றன. செகந்திராபாத்தில் ஒரு மனமகிழ் மன்றத்தில் ரம்மி ஆடியவர்கள்மீது தொடரப்பட்ட வழக்கில், 1968-ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்புகளில் இடம்பெற்ற தீர்ப்பை உச்ச நீதிமன்றம் வழங்கியது. மூன்று சீட்டு ஆட்டம் முழுக்க முழுக்க அதிர்ஷ்டம். ரம்மியோ பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது. விழும் சீட்டுகளை நினைவில் வைக்கவும், எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று தீர்மானிக்கவும் அதில் திறமை தேவை என்று அத்தீர்ப்பு கூறியது. ஆனால் அதே தீர்ப்பில் ஓர் எச்சரிக்கையும் இருந்தது. ஆட்டத்தை நடத்தும் இடத்தின் உரிமையாளர் அந்த ஆட்டத்திலிருந்து இலாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்பதே அது. முதல் பாதியைப் பலரும் நினைவில் வைத்தார்கள். இரண்டாம் பாதி மறந்துபோயிற்று.

திறமை இருந்தும் தோற்பது ஏன்? இங்கே ஒரு சிறு கணக்கு நமக்கு உதவும். சம திறமை உள்ள ஆறு பேர் ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 6 ஆட்டத்தில் 5 தோற்பதுதான் சராசரி. தொடர்ந்து 10 ஆட்டமும் ஒருவர் தோற்பதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 6-இல் 1. அதாவது, 10 ஆட்டம் முடியும்போது அந்தப் பாயைச் சுற்றி இருப்பவர்களில் சராசரியாக ஒருவர், ஒருமுறைகூட வெல்லாமல் உட்கார்ந்திருப்பார். அவருக்குக் கண்ணேறு படவில்லை. யாரும் செய்வினை வைக்கவில்லை. கடவுள் அவரைத் தண்டிக்கவும் இல்லை. ஆறு பேரில் யாராவது ஒருவர் அந்த இடத்தில் இருப்பது இயல்புதான். இன்று அது அவராக இருக்கிறார், அவ்வளவுதான்.

இதை ஏற்றுக்கொள்வது மனித மனத்திற்குக் கடினமாக இருக்கிறது. பத்துமுறை தோற்றவர், "பதினோராவது கட்டாயம் எனக்குத்தான்" என்று நினைக்கிறார். ஆனால் கலைத்துப் போடப்பட்ட சீட்டுக்கு நினைவு கிடையாது. நேற்று நமக்கு இழைத்த அநீதிக்கு இன்று ஈடு செய்ய வேண்டும் என்று அதற்குத் தெரியாது. அதிர்ஷ்டம் யாருக்கும் கடன்படுவதில்லை. விட்டதைப் பிடிக்கப் போகிறேன் என்று கிளம்புகிறவர், இல்லாத ஒரு கடனை வசூலிக்கப் போகிறார்.

குற்றால விடுதி வராந்தாவில் இந்தத் தவறு பெரிய தீங்கு செய்வதில்லை. தடை விலக்கப்பட்டதும் எல்லோரும் அருவிக்கு ஓடிவிடுவார்கள். ஆனால் அதே ரம்மி கைபேசிக்குள் புகுந்தபோது நிலைமை மாறியது. அங்கே மழை நிற்பதில்லை, சாப்பிட அழைக்க அத்தை வருவதில்லை, "போதும், எழுந்திருல" என்று சொல்ல மாமா இல்லை. இரவு இரண்டு மணிக்கும் புதிய சீட்டு தயாராக இருந்தது.

கணக்கும் மாறியது. ஆறு பேர் ஆளுக்கு 100 ரூபாய் வைத்து ஆடுகிறார்கள், ஒவ்வொரு ஆட்டத்திலும் நிறுவனம் நூற்றுக்குப் பத்து எடுத்துக்கொள்கிறது என்று ஓர் உதாரணத்திற்கு வைத்துக்கொள்வோம். 600 ரூபாயில் வென்றவருக்குக் கிடைப்பது 540. இப்படி 100 ஆட்டம் ஆடினால், சம திறமை உள்ள ஒவ்வொருவரும் 10,000 ரூபாய் போட்டுச் சராசரியாக 9,000 ரூபாயை எடுக்கிறார்கள். அதிர்ஷ்டம் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாறிக்கொண்டே இருந்தாலும், தோற்காதவர் ஒருவரே. அவர் ஆட்டத்தில் உட்காரவே இல்லை. அந்தப் பழைய தீர்ப்பின் மறந்துபோன பாதி எவ்வளவு தொலைநோக்கு உடையது!

பணத்தை இழந்தவர்கள், கடனில் மூழ்கியவர்கள், உயிரையே மாய்த்துக்கொண்டவர்கள் பற்றிய செய்திகளைத் தமிழகம் தொடர்ந்து வாசித்தது. 2020 நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டத்தின் வழியாக இந்த ஆட்டங்களைத் தடை செய்தது. 2021 ஆகஸ்ட் 3-இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. 2022-இல் நீதியரசர் கே. சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டு, புதிய சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளுநர் அதைத் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றப்பட்டு, ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் திறமை விளையாட்டுகளான ரம்மிக்கும் போக்கருக்கும் அத்தடை பொருந்தாது என்றது. 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடக் கூடாது என்ற விதி வந்தது. ஜூனில் நீதிமன்றம் அதை ஏற்றது. இறுதியாக, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், இணையவழியில் பணம் வைத்து ஆடும் எல்லா ஆட்டங்களுக்கும் தடை விதித்தது. ஆகஸ்ட் 22-இல் அதற்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார்.

ஐந்து ஆண்டுகளாக நடந்த வாதம் இது: ரம்மி திறமையா, அதிர்ஷ்டமா? இரண்டும்தான் என்பது பாயில் உட்கார்ந்த எவருக்கும் தெரியும். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. தோல்வி வரும்போது எழுந்துபோக முடிகிறதா?

வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே ஒதுக்கினார். சூதில் கிடைக்கும் வெற்றியை அவர் தூண்டில் இரும்பை மீன் விழுங்குவதோடு ஒப்பிட்டார். கவனியுங்கள், தோல்வியை அல்ல, வெற்றியைத்தான் அவர் தூண்டில் என்கிறார். திருச்சபையின் மறைக்கல்வியும் (எண் 2413) சீட்டாட்டத்தைப் பாவம் என்று ஒதுக்கவில்லை. தனக்கும் பிறருக்கும் தேவையான வாழ்வாதாரத்தை அது பறிக்கும்போது அறநெறிக்கு மாறானதாகிறது. சூதாட்ட மோகம் மனிதரை அடிமையாக்கும் ஆபத்து உண்டு என்று எச்சரிக்கிறது.

அதிர்ஷ்டக் குறைவைக் கடவுளின் தண்டனையாகப் பார்ப்பதும் நம்மிடையே உள்ள இன்னொரு தவறு. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறி ஓடினார்கள். ஒரு மாணவர் உயிரிழந்தார். "என்ன பாவம் செய்தார்களோ" என்று இப்படிப்பட்ட வேளைகளில் நம் வாய் தவறிவிடுகிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோதும் மக்கள் அப்படித்தான் நினைத்தார்கள். இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் அல்லர் என்று இயேசு தெளிவாகச் சொன்னார் (லூக்கா 13:4-5). நல்லோர் மேலும் தீயோர் மேலும் மழை ஒன்றுபோல் பெய்கிறது என்றவரும் அவரே. ஓட்டத்தில் விரைவானவரும் போரில் வலியவரும் எப்போதும் வெல்வதில்லை, காலமும் வாய்ப்பும் எல்லோருக்கும் நேரிடும் என்று சபை உரையாளரும் உணர்ந்திருந்தார் (9:11). திருத்தூதர்கள் மத்தியாவைச் சீட்டுப் போட்டே தெரிந்துகொண்டார்கள். ஆனால் அதற்கு முன்பு, தகுதியுள்ள இருவரைத் தேர்ந்து நிறுத்தினார்கள், இறைவனிடம் மன்றாடினார்கள். தங்களால் ஆனதைச் செய்த பிறகே மீதியை விட்டுக்கொடுத்தார்கள்.

இந்தப் பாடத்தை நாம் வெகுதொலைவில் தேட வேண்டாம். தென்காசி, குற்றாலம் பகுதியில் சீசனை நம்பிக் கடை போடுபவர்களின் வாழ்வே இதற்குச் சான்று. சாரல் எப்போது தொடங்கும், எத்தனை நாள் நீடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. 2020, 2021 சீசன்களில் கொரோனாவால் அருவியில் குளிக்கவே தடை. தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, குளிக்க ஆளில்லை. அந்த வியாபாரிகளின் திறமைக்கு என்ன குறை? ஒன்றுமில்லை. சீட்டு அப்படி விழுந்தது. இத்தகைய காலங்களில் தாக்குப்பிடிக்க, இருப்பதையெல்லாம் ஒரே சீசன்மேல் வைக்காமல், வேறு ஏதாவது பிழைப்பையும் கையில் வைத்திருப்பதே வழி. அதுவும் ஒரு ஸ்கூட்தான். விலகியவர் தோற்றவர் அல்லர். அடுத்த ஆட்டத்திற்கு மீதம் வைத்திருப்பவர்.

அன்பு நெஞ்சங்களே, சட்டம் கதவைச் சாத்தியிருக்கலாம். விட்டதைப் பிடிக்கும் ஏக்கம் சட்டத்தால் அடங்குவதில்லை. அது திருட்டு வழிகளைத் தேடும். நம் வீட்டில் யாராவது நள்ளிரவில் கைபேசியோடு தனித்திருக்கிறாரா? காரணம் சொல்லாமல் கடன் கேட்கிறாரா? பீரோவில் இருந்த நகை அடகுக் கடைக்குப் போயிருக்கிறதா? ஏசிவிட்டு ஒதுக்காமல் அருகில் உட்காருவோம். "போனது போகட்டும், நீ எழுந்து வா" என்று சொல்வோம். மனம் உடைந்தவர்களுக்கு உதவ, கட்டணமில்லாத டெலி மானஸ் எண் 14416 எந்நேரமும் செயல்படுகிறது. தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு.

கைக்கு வந்த சீட்டு மோசமாக இருந்தால், அதைக் கவிழ்த்து வைக்கும் துணிவை நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம். கவிழ்த்து வைத்துவிட்டு வருபவரைக் கேலி செய்யாமல் வரவேற்கும் இல்லங்களாக நம் இல்லங்கள் விளங்கட்டும்.