காசில் சீசர் முகம். உழைத்தவன் முகம் எங்கே?

ரோமாபுரிப் பொற்காசைக் காட்டிப் பழம்பெருமை பேசுகிற கனவான்களுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. “ரோமின் தங்கமே கொங்கு நாட்டைத் தேடி வந்தது!” என்று முழங்குகிறார்கள். தங்கம் தானாக நடந்து வந்ததா? அதற்கு ஈடாக இங்கிருந்து போனது யாருடைய உழைப்பு? இதை நாம் கேட்டால் மட்டும் அவர்கள் வாய் அடைத்துப் போகிறது.

துடியலூர்ப் பட்டறைத் தொழிலாளிக்கு இது அயலூர்க் கதையல்ல. கோவையின் மறுகோடியில், வெள்ளலூரில் 1842-ல் 522 ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. பழனி அருகே கலையம்புத்தூரில் 1856-ல் 63 பொற்காசுகள். புதுக்கோட்டைச் சீமையில் 1898-ல் 501 பொற்காசுகள். ஒவ்வொரு பொற்காசும் ஏறத்தாழ ஒரு சவரன் எடை!

இந்தப் பொன் எதற்கு விலை? நொய்யல் கரைக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வு பதில் சொல்கிறது. இரும்பு உருக்கிய உலைகளும், கல்மணி தேய்த்துத் துளையிட்ட பட்டறைகளின் எச்சங்களும் அங்கே வெளிப்பட்டன. காங்கயம் பக்கம் படியூரில் பாறையைக் குடைந்து பச்சைக்கல் எடுத்தார்கள். ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்குப் போகிறதே என்று ரோமானிய ஆசிரியர் பிளினி புலம்பினார். சீமாட்டிகளின் கழுத்தில் கல் மின்னியது. கல்லை வெட்டியவன் பெயரோ எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

அந்தக் கரையிலும் இதே கதைதான். ரோம சாம்ராஜ்யத்தின் சுரங்கங்களில் அடிமைகளும், தண்டனை பெற்றவர்களும் சாகும்வரை வதைக்கப்பட்டார்கள். அங்கே அடிமையின் வியர்வை, இங்கே கல்வெட்டியின் வியர்வை. நடுவே லாபம் தின்றவன் வணிகன். காசில் முகம் பதித்தவன் சக்கரவர்த்தி!

ஆனால் புதுக்கோட்டைக் காசுகளைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் தலைக்குக் குறுக்கே உளிவெட்டு! இனி இது காசாகச் செல்லாது, எடைக்குப் பொன் மட்டுமே என்பதற்கான வெட்டு அது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அன்றைய மனிதன் சீசரின் முகத்துக்கு மயங்கவில்லை. மயங்குகிறவர்கள் இன்றைய பெருமைவாதிகளே!

அந்த 501 காசுகளில் சில இன்று எங்கே? லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில்! மண் நம்முடையது, உழைப்பு நம்முடையது, பெட்டகம் மட்டும் ஏகாதிபத்தியத்தின் தலைநகரிலா?

வெள்ளை சர்க்கார் 1878-ல் இயற்றிய புதையல் சட்டத்தையும் பாருங்கள். 10 ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் கண்டவன் கலெக்டரிடம் சொல்லியாக வேண்டும். சர்க்கார் அதைத் தானே எடுத்துக்கொண்டால் தருவது உலோகத்தின் விலையும், அதில் ஐந்தில் ஒரு பங்கும்தான். சரித்திரத்துக்கு விலையில்லை, மண்வெட்டி பிடித்தவனுக்கு எடைக்கூலி!

நாம் கேட்பது இதுதான். லண்டனிலுள்ள காசுகளைத் திருப்பிக் கேட்க வேண்டும். அருங்காட்சியகத்தில் பொற்காசை மட்டும் வெல்வெட்டில் வைத்து விளக்குப் போடாதீர்கள். அதன் பக்கத்திலேயே கொடுமணலின் உலைக் கசடையும், துளை முடியாத கல்மணியையும் வையுங்கள். ‘இந்தப் பொன்னுக்கு ஈடான உழைப்பு இது’ என்று தமிழில் எழுதி வையுங்கள்.

இன்று கோவையில் வார்க்கும் பம்பு நாடெங்கும் போகிறது. அதில் முதலாளியின் முத்திரை இருக்கிறது. வார்த்தவனின் பெயர் இல்லை. அன்று சீசர் முகம், இன்று கம்பெனி முத்திரை. முத்திரையைப் புரட்டிப் பாருங்கள் தோழர்களே, மறுபக்கத்தில் இருப்பது நம் கை!