வினைமுதல் இல்லாத வாக்கியம்

“குற்றம் செய்யாதவன் காவலரைக் கண்டு ஏன் ஓட வேண்டும்?” காவலர் துரத்திச் செல்லும்போது யாரேனும் உயிரிழந்தால், பெற்றோரிடமும், வருத்தத்துடன் சொல்கிறேன், ஆசிரியர் அறையிலும் எழும் கேள்வி இது. ஓடியதற்கு உயிரைத் தண்டமாகக் கேட்கும் சட்டம் எந்த நாட்டில் உள்ளது?

2018 மார்ச் 7 அன்று, திருச்சியை அடுத்த துவாக்குடிப் பகுதியில், தலைக்கவசமின்றிச் சென்ற ஒருவரைப் போக்குவரத்து ஆய்வாளர் விரட்டிச் சென்று வண்டியை உதைத்ததாகக் குற்றச்சாட்டு. பின்னிருக்கையில் இருந்த மனைவி விழுந்து மாண்டார். தலைக்கவசம் அணியாமைக்கு அன்றைய அபராதம் 100 ரூபாய். மக்கள் சாலையை மறித்தனர், ஆய்வாளர் கைதானார்.

2016 அக்டோபரில் யாழ்ப்பாணம் குளப்பிட்டியில் இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் மாண்டபோது, மோட்டார் சைக்கிள் விபத்து என்றே முதலில் கூறப்பட்டது. பிரேதப் பரிசோதனை துப்பாக்கிக் காயத்தைக் காட்டிய பின்னரே காவலர் ஐவர் கைதாயினர்.

வினைமுதல் இல்லாமல் வாக்கியம் எழுதும் மாணவனிடம் “யார் செய்தது?” என்று சிவப்பு மையால் கேட்கிறோம். “விபத்தில் உயிரிழந்தார்” என்னும் செய்தியை மட்டும் கேள்வியின்றிப் படித்துவிட்டுத் தேநீர் அருந்துகிறோம்.

நம் ஊருக்கு வருவோம். 2013 டிசம்பர் 8 இரவு, தேக்காவின் ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழகத் தொழிலாளர் ஒருவர் தனியார் பேருந்தின் அடியில் சிக்கி மாண்டார். அதில் துரத்தல் இல்லை; காவலர் கையும் இல்லை. தொடர்ந்து எழுந்த கலவரத்தை முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான குழு விசாரித்தது. காவல்துறை அதிகாரிகளும் பொது விசாரணையில் பதில் சொல்ல நேர்ந்தது. நல்லதுதான். ஆனால் அக்குழுவை வரவழைத்தது கலவரம். ஓசையின்றி நிகழும் மரணத்திற்கு அத்தகைய குழு எங்கே?

மரண விசாரணை அதிகாரி இருக்கிறாரே என்பீர்கள். இருக்கிறார், அவருடைய நேர்மையை நான் ஐயுறவில்லை. ஆனால் அவர்முன் வைக்கப்படும் சான்றுகளைத் திரட்டுவது காவல்துறைதானே! துரத்தியவரின் சக ஊழியரே துரத்தலை ஆராய்வது, தேர்வெழுதிய மாணவனின் அண்ணனிடம் விடைத்தாளைத் திருத்தக் கொடுப்பதைப் போன்றது. பெற்றோராகிய நீங்கள் அதற்கு உடன்படுவீர்களா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும், காவலர் துரத்தலில் மரணம் நேர்ந்தால், காவல்துறைக்கு வெளியேயுள்ள விசாரணை அலுவலகத்திடம் அதை ஒப்படைத்தாக வேண்டும். அது 2018 முதல் ஐஓபிசி என்ற பெயரில் இயங்குகிறது. சிங்கப்பூருக்கும் அப்படியோர் அலுவலகம் வேண்டும். அதன் அறிக்கை, மாண்டவரின் தாய்க்கு அவர் படிக்கக்கூடிய மொழியில் சென்று சேரவும் வேண்டும்.