பிள்ளைகளும் நாமும்: சிநேகிதமும் படிப்பும்



"அம்மா, குழு வேலை செய்ய அவளின்ரை வீட்டை போகட்டோ?" என்று எனது மகள் எட்டாம் வகுப்பில் கேட்டாள். "வீட்டிலை இருந்து படி. சிநேகிதம் எல்லாம் பிறகு" என்று மறுத்துவிட்டேன். ஒரு முறையல்ல, பல முறை.

அந்த ஆண்டு ஆசிரியையைச் சந்தித்தபோது அவர் சொன்னார்: "கணிதம் நன்று. எழுத்திலும் பிழை குறைவு. ஆனால் வகுப்பில் வாய் திறப்பதில்லை. குழுவில் யாருடனும் சேர்வதில்லை." நோர்வேஜிய மொழிக்கு 3 புள்ளி. வீட்டுக்கு வந்து மகளைத்தான் ஏசினேன். பிழை என்னுடையது என்பது பிறகுதான் விளங்கியது.

ஊரில் நாங்கள் படித்த முறை வேறு. க.பொ.த. சாதாரண தரத்தில் பரீட்சை மண்டபமே எல்லாவற்றையும் தீர்மானித்தது. இங்கே 6 வயதில் பாடசாலை தொடங்குகிறது. 7ஆம் வகுப்பு வரை புள்ளிகள் இல்லை. 8ஆம் வகுப்பிலிருந்து 1 முதல் 6 வரை புள்ளிகள் வரும். 10ஆம் வகுப்பு முடிவில் எல்லாப் பாடப் புள்ளிகளின் சராசரியைப் பத்தால் பெருக்கி, அந்தக் கணக்கோடுதான் மேல்நிலைப் பாடசாலைக்கு விண்ணப்பிக்கிறார்கள். இவற்றில் பெரும்பாலான புள்ளிகளைப் பாட ஆசிரியரே இடுகிறார். பிள்ளை பேசுவது, விளக்குவது, கேள்வி கேட்பது எல்லாம் அதில் அடங்கும்.

அந்தப் பேச்சு அறைக்குள் இருந்து பாடமாக்கி வராது. ஸ்தொவ்னர், பூருசெற் பக்கத்து வகுப்புகளில் பாகிஸ்தான், சோமாலியா, வியட்நாம் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களை ஒன்றுசேர்க்கும் மொழி நோர்வேஜிய மொழிதான். பிழையாகச் சொன்னாலும் சிரித்துக்கொண்டு திருத்துபவர்கள் சிநேகிதரே.

1988இல் பிறந்த கம்சாயினி குணரத்தினம் 3 வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கு வந்தவர். பல இன இளைஞரும் சேர்ந்திருக்கும் தொழிற்கட்சி இளைஞர் அமைப்பில் அரசியல் பழகினார். 2015இல் ஒஸ்லோவின் துணை நகரபிதாவானார். 2021இல் நாடாளுமன்றம் சென்றார்.

"பிள்ளை கெட்டுப்போகும்" என்ற பயம் எனக்கும் இருந்தது. அந்தப் பயத்துக்குக் கதவைப் பூட்டுவது மருந்தல்ல. அந்தப் பிள்ளைகளை முதலில் உங்கள் வீட்டுக்கு அழையுங்கள். அவர்களின் பெற்றோருடன் தொலைபேசியில் பேசி, திரும்பி வரும் நேரத்தை முடிவு செய்யுங்கள். மொழி தெரியாதென்று வகுப்புப் பெற்றோர் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பையும் விடவேண்டாம். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

ஒருநாள் எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு பாகிஸ்தான் பிள்ளையும் ஒரு நோர்வேப் பிள்ளையும் மகளோடு இருந்து ரோல்ஸ் சாப்பிட்டபடி வகுப்பில் பேசவேண்டியதைத் தயார்செய்தார்கள். குசினியில் நின்ற எனக்கு மகளின் குரல்தான் உரக்கக் கேட்டது. அடுத்த ஆண்டு 3 புள்ளி 4 ஆகியது. சிநேகிதம் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவள் வாய் திறந்தது அந்த மேசையில்தான்.

உங்கள் பிள்ளையின் வகுப்பில் இரண்டு பிள்ளைகளின் பெயராவது உங்களுக்குத் தெரியுமா? இன்றிரவு கேட்டுப் பாருங்கள்.