ஆண் பாடினால் புரட்சி, பெண் பாடினால் விளம்பரமா?

சென்ற இதழில் ஜப்பானியக் கவிஞர் நகாஜோ ஃபுமிகோவைப் பற்றி எழுதியவர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். புற்றுநோய் வந்திராவிட்டால் இந்தப் பெண்ணை ஒருவரும் சீந்தியிருக்க மாட்டார்களாம். நாவலாசிரியர் கவாபத்தா அவருடைய தொகுப்புக்கு முன்னுரை எழுதியதால்தான் பெயர் வந்ததாம்.

காலண்டரைக்கூடப் புரட்டாத வாதம் இது. ‘தன்கா கென்க்யூ’ இதழின் 50 பாடல் போட்டியில் ஃபுமிகோவின் பாடல்கள் முதலிடம் பெற்று அச்சேறியது 1954 ஏப்ரலில். கவாபத்தாவின் முன்னுரையோடு தொகுப்பு வந்தது ஜூலையில். ஏப்ரலில் கிடைத்த பெயருக்கு ஜூலை முன்னுரை எப்படிக் காரணமாகும்?

தொகுப்புக்கு ‘மார்பக இழப்பு’ என்று தலைப்பு வைத்து நோயை விற்றாராம். அந்தத் தலைப்பை வைத்தவர் ‘தன்கா கென்க்யூ’ ஆசிரியர் நகாய் ஹிதேயோ. ஃபுமிகோ விரும்பிய தலைப்பு ‘மலரின் மூலவடிவம்’. விற்றது யார் என்று நகாயைத்தான் கேட்க வேண்டும்.

ஒபிஹிரோவில், 1952இல் அறுவை நடக்கும் முன்பே அவர் எழுதிக்கொண்டிருந்தார். கசந்த திருமணம், மணமுறிவு, பிள்ளைகள், வெட்கப்படாத காதல் எல்லாம் அந்தப் பாடல்களில் உண்டு. நோயைப் பாடும்போதும் ஒப்பாரி இல்லை. அவர் எழுதிய தன்கா வடிவத்தில், 5-7-5-7-7 என்று 31 அசைக்குள் புலம்ப ஏது இடம்? குளிர்காலக் கடலின் சுருக்கங்களோடு பேசும் பாடலைப் பாருங்கள். அங்கே அவர் இரக்கம் கேட்கவில்லை; தன் சிதைவைத் தானே பார்க்க இன்னும் கொஞ்சம் ஆயுள் கேட்கிறார். இதற்குப் பெயர் அனுதாபப் பிச்சையா?

கவிஞர் மசாவோகா ஷிகி முதுகெலும்புக் காசநோயோடு ஆண்டுக்கணக்கில் பாயில் கிடந்து பாடினார். அதை நவீன தன்காவின் தொடக்கம் என்கிறோம். காசநோயில் 26 வயதில் போன கவிஞர் தகுபோகுவின் வறுமையும் நோயும் இலக்கியம். முலையில் வந்த நோய் மட்டும் விளம்பரம்! அன்றைய ஜப்பானியத் தன்கா பெரியவர்கள் சிலரும் இப்படித்தான் முகம் சுளித்தார்கள். கட்டுரையாளர் 70 ஆண்டு பழைய சுளிப்பைப் புதிய கண்டுபிடிப்பாகத் தந்திருக்கிறார்.

இன்னொன்று. கட்டுரையில் ஓரிடத்தில் கவிஞரின் பெயர் ‘ஷிமோஜோ’ என்று வருகிறது. அது 1955இல் தனாகா கினுயோ இயக்கிய படத்தின் நாயகி பெயர். படம் நல்ல படம்தான், ஆனால் படம் பார்த்துவிட்டுக் கவிதைக்குத் தீர்ப்பெழுதக் கூடாது.

ஃபுமிகோ 1954 ஆகஸ்ட் 3 அன்று, 31 வயதில் இறந்தார். அவர் விரும்பிய தலைப்பு மறு ஆண்டு வந்த இரண்டாம் தொகுப்புக்குத்தான் கிடைத்தது. கட்டுரையாளர் இரண்டு தொகுப்புகளையும் படித்துவிட்டு வரட்டும், பிறகு பேசலாம்.